படமில்லாத ஆட்டம்

கம்பியை இழுத்து அறுப்பதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வீடு கட்டுகிற கம்பி உருட்டும் ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். ஒவ்வொரு உருட்டிலிருந்தும் ஒரு துண்டை வெட்டி எடுத்து வருவார்கள். அதை மெஷினின் இரண்டு தாடைகளுக்கு நடுவே மாட்டி, அறுகிற வரைக்கும் இழுப்பேன். நல்ல கம்பி உடனே அறாது. கொஞ்சம் நீண்டு கொடுக்கும், நடுவில் இடுப்பு சிறுக்கும், அப்புறம்தான் வெடி வெடித்த மாதிரி அறும். புதிதாக வருகிறவர்கள் அந்தச் சத்தத்துக்குத் துள்ளுவார்கள். நான் துள்ளுவதில்லை. நான் கையெழுத்துப் போடாமல் லாரி கேட்டைத் தாண்டாது. எனக்கு முந்தின தலைமுறை வரைக்கும் எங்கள் வீட்டார் எல்லாரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அதனால் அந்தக் கையெழுத்தை நான் சற்றுப் பெரிதாகவே போடுவேன்.

வீடு மீஞ்சூருக்குப் பக்கத்தில். தினமும் மின்சார ரயில். பெண்கள் பெட்டியில் எல்லார் கையிலும் ஃபோன் இருக்கும், ஆடுகிறதும் பாடுகிறதுமாக. என் ஃபோன் பழசு. எந்த விளையாட்டை இறக்கப் போனாலும் இடமில்லை என்று கையை விரித்துவிடும். ஒரு நாள் எரிச்சலில், இடமே கேட்காத விளையாட்டு ஏதாவது உண்டா என்று தேடினேன். ஒன்று கிடைத்தது. அதில் படமே கிடையாது. வெறும் எழுத்து, அதுவும் தமிழ் எழுத்து.

திரையில் இப்படி வரும்: ‘நீ காட்டின் ஓரத்தில் நிற்கிறாய். வடக்கே ஒற்றையடிப் பாதை. கிழக்கே ஆறு. ஒரு நரி உன்னைப் பார்க்கிறது.’ நாம் ‘வடக்கு’ என்று தட்டினால் பாதையில் நடப்போம். ‘நரியைத் தாக்கு’ என்று தட்டினால் சண்டை. அதே காட்டில் அதே நேரத்தில் வேறு மனிதர்களும் திரிந்துகொண்டிருப்பார்கள். ‘ஒரு வேடன் தெற்கிலிருந்து வருகிறான்’ என்று ஒரு வரி வரும். அந்த வேடன் மதுரையில் பல் டாக்டராக இருக்கலாம், சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறவராக இருக்கலாம். அவரோடு பேசலாம், கூட்டுச் சேரலாம், சேர்ந்து போய் ஒரு பூதத்தைக் கொல்லலாம். அனுப்பம்பட்டு தாண்டி சிக்னல் மெலிந்தாலும் எழுத்து வந்துவிடும். படம் பார்க்கிறவர்கள் எல்லாம் திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் பூதத்தின் முதல் தலையை எடுத்திருப்பேன்.

அம்மா ஒரு நாள் கேட்டாள். “இன்னாடி எப்பப் பாத்தாலும் ஃபோன்ல படிச்சிக்கினே கீற? பரீட்சை எதுனா எழுதப் போறியா?”

“ஆமாம்மா. பூதம் கொல்ற பரீட்சை.”

“பாஸ் பண்ணா சம்பளம் ஏறுமா?”

“ஏறாது.”

“அப்ப வெங்காயத்த உரி.”

விளையாட்டில் நான் ஆண். வாள் வீரன். பெண் என்று தெரிந்தால் இணையத்தில் என்னென்ன வரும் என்று எந்தப் பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சீக்கிரமே எங்கள் கூட்டத்துக்கு நான் தலைவன் ஆனேன். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. எல்லாரும் யோசித்துக்கொண்டிருக்கும்போது நான் முடிவு எடுத்துவிடுவேன், அது பெரும்பாலும் சரியாக இருக்கும். எது எந்த நொடியில் அறும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. ‘தல’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் மறுக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு கிழ வைத்தியர் இருந்தார். நாங்கள் அடிபட அடிபட மூலிகை வைத்துப் பிழைக்க வைப்பது அவர் வேலை. அதிகம் பேசமாட்டார். ஆனால் உயிர் போகிற நேரத்தில் மூலிகை தவறாமல் வந்து சேரும். என்னைத் ‘தம்பி’ என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதாளக் குகையில் பல தலைப் பாம்பு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் வில்லாளிக்கு ஒரு பழக்கம். நாம் ஜெயிக்கப்போகிறோம் என்று தோன்றினால் உற்சாகத்தில் கோடு, சமக்குறி, நட்சத்திரம் எல்லாவற்றையும் வரிசையாகத் தட்டி, திரை முழுக்க வாள் மாதிரி படம் வரைவான். அன்றைக்கும் வரைந்தான். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. அந்தச் சமயம் பார்த்து மூலிகை நின்றுபோனது. பாம்பு என்னைக் கொத்திக்கொண்டே இருந்தது. என் உயிர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது.

அப்போது வைத்தியரின் வரி வந்தது.

‘யாரது கோடு கோடா போடறது? என் ஃபோன் அதை ஒவ்வொண்ணா படிச்சுண்டிருக்கு. கோடு, கோடு, கோடு, சமம், சமம், நட்சத்திரம். அது படிச்சு முடிக்கறதுக்குள்ள தம்பி செத்துப்போயிடுவான்.’

‘ஃபோன் ஏன் படிக்கணும்?’ என்று வில்லாளி கேட்டான்.

‘எனக்குக் கண் தெரியாது. ஃபோன் படிக்கிறதைக் கேட்டுத்தான் ஆடறேன். இப்போ எல்லாரும் கையை அடக்கிண்டு அந்தப் பாம்பை அடிங்கோ.’

மூலிகை வந்தது. அடித்தோம். பாம்பு செத்தது. வில்லாளி ‘மன்னிச்சிடுங்க ஐயா’ என்று எழுதினான். அதன் பிறகு எங்கள் கூட்டத்தில் யாரும் கோடு போட்டதில்லை.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. மறுநாள் வேலை முடிந்து, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது, பேசலாமா என்று தனியாகக் கேட்டு எண் வாங்கி அழைத்தேன். எடுத்ததும், “சொல்லு தம்பி” என்றது ஒரு பெண் குரல். என் வயதுதான் இருக்கும்.

“வைத்தியரா?” என்றேன்.

அந்தப் பக்கம் ஃபோனைக் காதோடு அழுத்துகிற உரசல் கேட்டது. பிறகு, “தம்பி, நீ பொண்ணா?”

“நீங்களும் பொண்ணா?”

சிரித்தோம். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். வீரனும் கிழவரும் இப்படிப் போனார்கள்.

அவள் திருவள்ளூரில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அப்பா பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்கிறவர். குழந்தையாக இருந்தபோது ஏதோ காய்ச்சலில் பார்வை போயிருக்கிறது. அவள் இதையெல்லாம் வானிலை சொல்கிற மாதிரி சொன்னாள். நானும் அப்படியே கேட்டுக்கொண்டேன். அந்த வாரத்துக்குள் ‘நீங்க’ போய் ‘நீ’ ஆகிவிட்டது.

இதெல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அறிவிப்பு வந்தது. அந்த விளையாட்டை நடத்துகிறவர் ஒரே ஒரு மனிதர். சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிறவர், ஓய்வு நேரத்தில் தனியாளாக இதைக் கட்டிக் காப்பாற்றி வந்தவர். அவர் எல்லாருக்கும் எழுதியிருந்தார்: அடுத்த பதிப்பில் எல்லாமே படம். ஊர் படம், காடு படம், பூதம் படம். விரலால் தொட்டால் போதும், தட்டச்சு வேண்டாம். யார் வேண்டுமானாலும் முன்னோட்டத்தை இறக்கிப் பார்க்கலாம்.

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். வில்லாளி எல்லாரையும்விட அதிகமாக. நான் வைத்தியரைக் கூப்பிட்டேன்.

“பாத்தியா? இன்னா பண்றது இப்ப?”

“எனக்காக அழாதே. இங்கிலீஷ்ல இந்த மாதிரி எழுத்து ஆட்டம் எத்தனையோ இருக்கு. அங்க போயிடுவேன்.”

“தமிழ்ல?”

“தமிழ்ல இது ஒண்ணைத்தான் நான் பார்த்திருக்கேன்” என்றாள். அவள் குரல் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது.

“வர ஞாயித்துக்கெழம நா அங்க வரேன். முன்னோட்டத்த ஃபோன்ல ஏத்தி வை.”

மீஞ்சூரும் திருவள்ளூரும் ஒரே மாவட்டம். ஆனால் ரயிலில் போனால் மெட்ராஸ் வரைக்கும் போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும். கலெக்டரைப் பார்க்கிற வேலை இல்லாவிட்டால் எங்கள் பக்கத்து ஆட்கள் அங்கே போவதில்லை. நான் போன நாள் அமாவாசை என்பது எனக்குத் தெரியாது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் சனம் ஆறாக ஓடுகிறது. கோயில் குளத்தில் முழுகி, நேர்ந்துகொண்ட வெல்லத்தை அதில் கரைத்து, பெருமாளைச் சேவிக்க வந்த கூட்டம். மடக்குக் குச்சியோடு வாசலில் ஒருத்தி நின்றிருந்தாள். நான் பெயர் சொன்னதும், “என் தோளைப் பிடிச்சுக்கோ, இல்லேன்னா தொலைஞ்சுபோயிடுவே” என்றாள். அந்தக் கூட்டத்தில் அவள் குச்சியைத் தட்டிக்கொண்டு முன்னால் நடக்க, நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். எந்தச் சந்தில் திரும்பினால் நெரிசல் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது.

அவளுடைய அம்மா கூடத்தில் உட்காரச் சொன்னார். “எந்த ஊரும்மா?”

“மீஞ்சூர் பக்கம்.”

“மீஞ்சூர்ல எங்கே?”

“காலனி. சர்ச்சுக்குப் பின்னால.”

இதை நான் எங்கேயும் ஒரே குரலில்தான் சொல்வேன். தணித்துச் சொன்னதில்லை. அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அதற்குள் மகள், “அம்மா, காபி கொண்டா. என் உயிரை எத்தனையோ தடவை காப்பாத்தினவ இவதான்” என்றாள்.

“எப்போடி? எங்கே? எங்கிட்ட சொல்லவேயில்லையே!” அந்த அம்மா பதறிவிட்டார்.

“பாதாளக் குகையில.”

அவர் மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சமையலறைக்குப் போனார். காபி வந்தது. இரண்டு டம்ளரும் ஒரே மாதிரி இருந்தன. நான் கவனித்தேன். அதைக் கவனிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. காபி நன்றாக இருந்தது என்று சொன்னேன், அது உண்மையும்கூட.

பிறகு முன்னோட்டத்தைத் திறந்தோம். அவள் திரையில் விரலை நகர்த்த நகர்த்த, ஃபோன் தட்டையான குரலில் சொல்லிக்கொண்டே வந்தது: “பொத்தான். பொத்தான். பெயரில்லாத பொத்தான். படம். படம். பொத்தான்.” எனக்கு அந்தத் திரையில் மலையும் நிலவும் ஒரு அழகான கோட்டையும் தெரிந்தன. அவளுக்கு அது மூடிய கதவுகள் மட்டும் இருக்கிற தாழ்வாரம். அவள் சிரித்தாள். “இதுல பாம்பு எந்தப் பொத்தான்?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே, அந்தக் கூடத்திலேயே, அறிவிப்பின் அடியில் இருந்த ஆட்டம் நடத்துகிறவரின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன்.

“எனக்காகன்னு பேசாதே” என்று அவள் என் கையைப் பிடித்தாள். “பாவம்னு அவர் ஒரு மூலையில எனக்கு மட்டும் பழைய ஆட்டத்தை வெச்சுக் கொடுப்பார். அது எனக்கு வேண்டாம்.”

மறுமுனையில் அவர் எடுத்தார். நான் யார் என்று சொன்னேன்.

“வாள் வீரன்… நீங்களா?” என்றார். கொஞ்சம் தடுமாறினார்.

“நாந்தான் சார். ஒண்ணு கேக்கணும். ஏன் சார் படம்?”

“புதுசா வர்றவங்க முதல் ஊரைத் தாண்டறதே இல்லைங்க. உள்ள வர்றாங்க, ரெண்டு வரி படிக்கிறாங்க, போயிடறாங்க. படம் இருந்தா நிப்பாங்க.”

“அந்த ரெண்டு வரி இன்னான்னு படிக்கட்டா?” என் ஃபோனிலேயே எடுத்துப் படித்தேன். “‘நீ ஒரு ஊரில் இருக்கிறாய். இங்கே வீடுகள் உள்ளன. கடைகள் உள்ளன. மக்கள் உள்ளனர்.’ இத படிச்சா நா கூட போயிடுவேன் சார்.”

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. “நான் புரோகிராம் எழுதறவன். கதை எழுதறவன் இல்லை” என்றார்.

“அப்ப அந்த ஊர எனக்குக் குடுங்க. நா எழுதறேன்.”

“நீங்க ஏதாவது எழுதியிருக்கீங்களா?”

“தெனம் ரிப்போர்ட் எழுதறேன். அத நம்பித்தான் ஊர்ல வீடு கட்றாங்க.”

இந்த முறை அவர் சிரித்தார். “சரி. பொங்கலுக்குள்ள முடிங்க. அப்பவும் யாரும் நிக்கலைன்னா படம்தான்.”

ஃபோனை வைத்ததும் என் தோழி, “உனக்கு எழுத வருமா?” என்றாள்.

“வரும்” என்றேன். அதுவரைக்கும் கதை என்று ஒரு வரி எழுதியதில்லை. ஆனாலும் வரும் என்றுதான் தோன்றியது.

போகும்போதும் வரும்போதும் ரயிலில் எழுதினேன். சாப்பாட்டு நேரத்தில் சோதனைக்கூடத்தின் மேஜையில் எழுதினேன். முதல் ஊர் தயாரானதும் அவளுக்கு அனுப்பினேன். பொன்மாளிகை, வெள்ளி நிலா, பச்சைப் பட்டு விரித்த வயல், பவழ நிறத்தில் கோட்டைச் சுவர். எனக்கே பெருமையாக இருந்தது. காலை ரயிலில் அவள் அழைத்தாள்.

“நகைக்கடை விளம்பரம் மாதிரி இருக்கு.”

“இன்னாது?”

“பொன், வெள்ளி, பவழம், பட்டு. நிறத்தைச் சொல்லிட்டா ஊரைச் சொல்லியாச்சுன்னு நினைச்சுக்கறே. அந்த ஊர்ல காலை வெச்சா என்ன ஆகும்? சுடுமா? வழுக்குமா? யார் கத்தறா? எங்கேர்ந்து புகை வரது? நீ அந்த ஊருக்குப் போனதே இல்லை, அதான் தெரியறது.”

ஃபோனை வைத்துவிட்டேன். பொன்னேரி வரைக்கும் எனக்குக் கோபம் இருந்தது. கவரைப்பேட்டை வந்தபோது அவள் சொன்னது சரி என்று தெரிந்தது. நான் போகாத ஊரைத்தான் எழுதியிருந்தேன். யாரோ எப்போதோ வரைந்த காலண்டர் படத்தைப் பார்த்து எழுதியிருந்தேன். எனக்குத் தெரிந்த ஊர் ஒன்று இருக்கிறது. அதில்தான் தினமும் போய் இறங்குகிறேன்.

அன்று மதியம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை ஊரின் நடுவே, மண்ணுக்கு அடியில், ஒரு மிருகம் படுத்திருந்தது. பழைய வாள்களையும் உடைந்த கேடயங்களையும் தின்று, சிவந்த இரும்பாகக் கக்குகிற மிருகம். செத்த வீரர்களின் ஆயுதங்கள் நாடு முழுவதிலிருந்தும் வண்டி வண்டியாக அந்த ஊருக்கு வரும். மிருகம் பசித்தால் தரை அதிரும், கடையில் டீ டம்ளர்கள் தாமாக நகரும். அது கக்கும்போது தெருவில் நிற்கிறவன் கன்னம் ஒரு பக்கம் மட்டும் சுடும். எதைத் தின்றாலும் நாக்கில் லேசாக இரும்பு ருசி. கிழக்கே கடலிலிருந்து உப்புக்காற்று வந்தால் ஊரே கொஞ்சம் மூச்சு விடும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்தாள். “நீ எழுதறது நிஜமான்னு பார்க்கணும்” என்றாள். ஆலைக்குள் அழைத்துப் போக அனுமதி கிடையாது. மதில் சுவருக்கு வெளியே, சாலையோர டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு மதில் பக்கம் காதைத் திருப்பினாள்.

“உள்ள ஒண்ணு விட்டுவிட்டு இடிக்கறதே, அது என்ன?”

“கம்பி வெட்ற எடம்.”

“அதுக்கு முன்னாடி ஒரு சீறல் வரது.”

“தண்ணி. சூட்டுக் கம்பி மேல அடிப்பாங்க.”

“அதை நீ எழுதலை.” டீயை ஒரு வாய் குடித்தாள். “இரும்பு ருசி இல்லை. இஞ்சிதான் இருக்கு. பொய் எழுதியிருக்கே.”

“அது கத. பொய் எழுதலாம்.”

“அப்போ சரி. சீறலை மட்டும் சேர்த்துக்கோ.”

சேர்த்துக்கொண்டேன். மிருகம் கக்குவதற்கு முன்னால் சீறும் என்று ஆனது. அந்தச் சீறலைக் கேட்டு ஒதுங்கத் தெரிந்தவன் பிழைப்பான். ஒரு ஊர் வர்ணனைக்குள் ஒரு ஆட்டமும் வந்துவிட்டது.

ஊரின் வாசலில் ஒரு காவல்காரனை வைத்தேன். எங்கள் பக்கத்துப் பேச்சைத்தான் அவனுக்குக் கொடுத்தேன். புது ஆள் யார் வந்தாலும் அவன் முதலில் சொல்வது: ‘ஏய், யார்பா அது? வாள எட்த்துக்கினு நேரா உள்ள பூந்துடுவியா? பாஸ் கீதா?’

இதைப் படித்துவிட்டு ஆட்டம் நடத்துகிறவர் அழைத்தார். “மாயாஜால உலகத்துல போய் இப்படிப் பேசுவாங்களாங்க?”

“வேற எப்படிப் பேசுவாங்க சார்?”

“கொஞ்சம் நல்ல தமிழ்ல…”

“உங்க பூதம் செந்தமிழ் பேசுதே, அது எந்த ஊரு பூதம்? எந்தத் தெருவுல கீது? எங்காளு பேசறது நல்ல தமிழ்தான். ஒரு வாரம் உட்டுப் பாருங்க. யாராவது புரியலன்னு சொன்னா நானே மாத்தறேன்.”

விட்டுக்கொடுத்தார். நல்ல மனிதர். பிடிவாதமும் இருந்தது, காதும் இருந்தது.

பொங்கல் விடுமுறையில், ஒரு பிற்பகலில் புதிய ஊரைத் திறந்தோம். கணினி நடத்துகிற காவல்காரனுக்குச் சில கேள்விகளுக்குத்தான் பதில் தெரியும். அதனால் அன்று முழுக்க காவல்காரனாக நானே உட்கார்ந்து தட்டினேன். ஊருக்குள் முதல் சந்தில் வைத்தியர் தீப்புண்ணுக்கு மருந்தோடு தயாராக இருந்தார். அறிவிப்பைப் பார்த்துப் பழைய ஆட்களும் புதியவர்களும் வாசலில் குவிந்தார்கள்.

ஒரு புது ஆள் கேட்டான்: ‘பாஸ் எங்கே கிடைக்கும்?’

‘உள்ள.’

‘உள்ள போகத்தானே பாஸ் வேணும்?’

‘ஆமா.’

‘அப்ப எப்படிங்க போறது?’

‘அதான் எனக்கும் தெரில நைனா. இங்க நிக்கிற எல்லாரும் அதத்தான் கேட்டுக்கினு கீறாங்க. சும்மா பேஜாரு பண்ணாத, லைன்ல நில்லு.’

நான் எதிர்பார்த்தது நடந்தது. போய்விடாமல் நின்றார்கள். ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பித்தார்கள். சிலர் என்னைத் திட்டினார்கள். ஒருவர் எனக்கு லஞ்சமாக ஒரு செத்த முயலைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, ‘நாஷ்டா ஆச்சு. பாஸ் கீதா?’ என்றேன். ஒரு ஆள் மட்டும் மதில் ஏறிப் பார்த்தார், தரையைத் தோண்டிப் பார்த்தார், என்னிடமே அரசன் பெயரைச் சொல்லி மிரட்டிப் பார்த்தார். ‘எந்த ராஜா? எங்க மொதலாளியா?’ என்றேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் பழைய இரும்பு ஏற்றிய வண்டி ஒன்று வந்தபோது, ஒரு பெண் பாத்திரம் தன் கையிலிருந்த நல்ல வாளை உடைத்து வண்டியில் போட்டுவிட்டு, ‘வேலைக்கு வந்தேன்’ என்று தட்டினாள். கதவு திறந்தது. அதுதான் விடை. வீரனாக வந்தவன் உள்ளே போக முடியாது, வேலைக்கு வந்தவன் போகலாம். அவளைப் பார்த்து எல்லாரும் வாளை உடைத்தார்கள். எங்கள் வில்லாளி வில்லை உடைக்க மனசு வராமல் இருட்டும்வரை வெளியே நின்றான்.

சாயங்காலம் ஆட்டம் நடத்துகிறவர் ஃபோன் செய்தார். “மதில் ஏறினது யார் தெரியுதா?”

“யாரு சார்?”

“நான்தாங்க. வேற பேர்ல வந்தேன். நானே கட்டின ஆட்டத்துல என்னை மூணு மணி நேரம் வெளியே நிக்க வெச்சுட்டீங்க.”

“லைன்ல வந்தீங்களா?”

அவர் சிரித்து முடிக்கக் காத்திருந்தேன். பிறகு அவரே சொன்னார். புதியவர்களில் பெரும்பாலானவர்கள் இன்னும் உள்ளேயே இருக்கிறார்களாம். யாரும் காவல்காரன் பேசுவது புரியவில்லை என்று எழுதவில்லையாம். சேலத்துக்காரர் ஒருவர் ‘பேஜாரு’ என்றால் என்ன என்று கேட்டதற்கு மற்றவர்களே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம்.

“அப்ப படம்?” என்று கேட்டேன்.

“படம் வேணும்னு கேக்கறவங்களும் இருக்காங்களே.”

“வெச்சுக்கங்க. ஆனா எழுத்து மொதல்ல. படத்துல எது கீதோ அதெல்லாம் எழுத்துலயும் இருக்கணும். பேரில்லாத பொத்தான் ஒண்ணுகூட இருக்கக்கூடாது. வைத்தியர் ஆடிப் பாத்து சரின்னு சொன்னாத்தான் வெளியே வரணும்.”

“வைத்தியர் ஒத்துப்பாரா?”

அதே அழைப்பில் அவளையும் சேர்த்திருந்தேன், கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “ஒத்துப்பேன்” என்றாள். “ஆனா ரொம்பக் குத்தம் சொல்லுவேன்.”

அப்படித்தான் ஆனது. இப்போது படமும் இருக்கிறது. கோட்டைப் படத்தைத் தொட்டால் ‘கோட்டை, கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே சீறல் கேட்கிறது’ என்று ஃபோன் சொல்லும். ஒவ்வொரு பொத்தானுக்கும் நான் பெயர் வைத்தேன். அவள் ஒவ்வொன்றையும் கேட்டு, பாதியைத் திருப்பி அனுப்பினாள். வில்லாளி எங்களை விட்டு முழுக்கப் படமாகவே இருக்கிற வேறொரு ஆட்டத்துக்குப் போய்விட்டான். வருத்தம்தான், நல்ல கை. ஆனால் பார்வையில்லாதவர்கள் படிக்கிற ஒரு கல்லூரி விடுதியிலிருந்து ஒரு கூட்டமே வந்து சேர்ந்தது. அவர்கள் ஃபோனை நாங்கள் விளங்கிக்கொள்ளவே முடியாத வேகத்தில் பேசவிட்டுக் கேட்கிறார்கள். நான் ‘வடக்கு’ என்று தட்டி முடிப்பதற்குள் வடக்கே இருக்கிற எல்லாவற்றையும் கொன்றுவிட்டு வந்துவிடுகிறார்கள். பெரிய கூட்டம் என்று சொல்ல முடியாது. இருக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதில் நிறையப் பேர் தினமும் வருகிறார்கள். நான் பெண் என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். இன்னும் ‘தல’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அடுத்ததாகக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கடலை எழுதிக்கொண்டிருக்கிறேன். மலை அளவு கப்பல்கள், அவற்றை இழுத்துக் கட்டுகிற ராட்சசர்கள். இதற்கிடையில் என் தோழிக்கும் எழுதுகிற ஆசை வந்துவிட்டது. அவளும் ஒரு ஊர் கட்டியிருக்கிறாள். குளத்தைச் சுற்றி ஒரு ஊர். படிக்கட்டில் பாசி எந்தப் படியில் ஆரம்பிக்கிறது, எந்தத் தெருவில் நடந்தால் காலடிச் சத்தம் திரும்பி வரும், மடைப்பள்ளியில் நெய் எப்போது காய்கிறது என்று அத்தனையும் இருக்கிறது. போன வாரம் ரயிலில் உட்கார்ந்து நான் அதை ஆடிப் பார்த்தேன். இந்த முறை குற்றம் சொல்வது என் முறை.

“எல்லாம் சரி. வானமே இல்லியே உன் ஊர்ல. ‘மேலே பார்’னு தட்னா ஒண்ணும் வரமாட்டேங்குது.”

“நான் மேல எதுக்குப் பார்க்கணும்?”

“நா பாப்பேன் இல்ல?”

“அப்போ நீயே எழுதிக்கோ” என்றாள்.

அன்றைக்கே அவள் ஊருக்கு ஒரு வானம் எழுதி அனுப்பினேன். நல்ல பெரிய வானம், ஏழெட்டு வரி. அவள் கேட்டுவிட்டு இரண்டே வரியை விட்டுவைத்தாள். மீதியை வெட்டியது எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த இரண்டு வரி நன்றாகத்தான் இருக்கிறது.